மலைச்சீமை பற்றி நான் ஆற்றிய சொற்பொழிவு

பீர்மேடு, 1924 ஜூன் 3

இன்று எனக்குப் பதவி உயர்வு. சம்பளம் உயரவில்லை, வேலை மட்டும் உயர்ந்திருக்கிறது.

போன மாதம் திருநெல்வேலிப் பக்கமிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேர் ஒரே வாரத்தில் மலை இறங்கி ஓடிவிட்டார்கள். இனி வருகிறவர்களுக்கு இந்தச் சீமை எப்படிப்பட்டது, என்ன வழக்கம், என்ன சாப்பாடு என்று முதலிலேயே எடுத்துச் சொல்ல வேண்டுமாம். துரை உத்தரவு. சொல்லப் போவது யார்? தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் சாந்தம்மாள். அடியேன்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் இங்கே ஆஸ்பத்திரி கம்பவுண்டர். "பாளையங்கோட்டைக்குப் போகணும்னு தினம் ஜெபம் பண்ணுறவளா மத்தவங்களை நிறுத்தப் போறா?" என்றார். ஊரில் வேறு வேலை கேட்டு எழுதிப் போடச் சொல்லி அவரைப் பிடுங்கி எடுத்தவள் நான்தான். பெட்டிகூடக் கட்டி வைத்துவிட்டேன்.

ஜூன் 9

கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் புது ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். கிழக்கே இறங்கினால் கம்பம், மேற்கே இறங்கினால் கோட்டயம். இங்கே ராஜா வேறு, காசும் வேறு — சக்கரம் என்பார்கள். மலையாளத்தார் "வெள்ளம்" என்றால் பயந்து ஓடாதீர்கள், குடிக்கிற தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். அட்டை கடித்தால் பதறக் கூடாது, உப்பு வைத்தால் விழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து என் கணுக்காலில் ஒன்று. "ஐயோ ஆண்டவரே!" என்று நான் குதித்த குதியில் ஒரு செருப்பு சாக்கடைக்குள் போயிற்று.

மூக்கம்மாள் என்று ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "டீச்சரம்மா, புலிய எப்பக் காட்டுவீக?"

ஜூன் 10

இன்று சாப்பாடு. மரவள்ளிக்கிழங்கை இங்கே கப்பை என்பார்கள், அமிர்தம் மாதிரி இருக்கும் என்றேன். "நீங்க தின்னுருக்கீகளா?" என்று கேட்டான் மூக்கம்மாளின் புருஷன் பெரியமுத்து. தலையாட்டினேன்.

இரண்டு வருஷமாகக் கம்பத்து அரிசி தவிர வேறெதுவும் என் வாயில் பட்டதில்லை.

ஜூலை 19

ஆடி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. மலை சரிந்து பாதை மூடிவிட்டது. அரிசி வண்டி வராது. கீழே ஊர் ஊராகத் தண்ணீரில் என்கிறார்கள். வெள்ளம் என்றால் பயப்படாதீர்கள் என்று சொன்ன மகராசி நான்!

ஜூலை 21

காலையில் புது ஆட்கள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். கம்பத்துக்கு நடக்கப் போகிறார்களாம். பாதையே இல்லை, ஓடையெல்லாம் பொங்கிக் கிடக்கிறது! குடையில்லாமல் ஓடினேன். "போகாதீங்க! நான் இல்லையா இங்க? நான் பயப்படுறேனா?" என்று கத்தினேன்.

மூக்கம்மாளுக்கு நடுக்கம். அவளை மட்டும் கைப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தேன். கயிறு போட்டுக் கட்டிய பெட்டி நடுவீட்டில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, நீங்க எந்த வழியாப் போறீக? நாங்களும் அப்படியே வாறோம்."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கேலி இல்லை. எனக்கு நல்ல வழி ஏதோ தெரியும்னு நெசமாவே நம்பிட்டா. ஒரு மாசமா என்னத்தைப் பேசித் தொலைச்சேன் நான்?

அதற்குள் அவளுக்கு வலி கண்டுவிட்டது. விரிக்கவும் துடைக்கவும் துணி வேண்டும். கயிறு அவிழவில்லை, அரிவாள்மனையால் அறுத்தேன். கல்யாணச் சேலைவரை எல்லாம் வெளியே வந்தது. பிரசவம் பார்த்தது லயத்துப் பெண்களும் என் வீட்டுக்காரரும். என் பங்கு, வெந்நீரை என் காலிலேயே கொட்டிக்கொண்டது.

மத்தியானம் பெண் குழந்தை. வாசலில் நின்றவர்கள் மூட்டையை இறக்கி வைத்தார்கள். யாரும் போகவில்லை.

ஜூலை 23

அரிசி தீர்ந்தது. கடைவீதியில் மம்மது ராவுத்தர் கடையில் கப்பை மட்டும் இருக்கிறது. அவர் பாலக்காட்டுக்காரர். "வேக வெச்ச தண்ணிய வடிச்சுக் கொட்டிப் போடோணுமுங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் கப்பை சமைத்ததே இல்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

லயத்து வாசலில் பெரிய பானையில் வேகவைத்தேன். காந்தாரி மிளகாயும் உப்பும் நசுக்கி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. "விறகுக் கட்டையில்லா இது?" என்றான் பெரியமுத்து. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

ஒரு துண்டை மிளகாயில் முக்கி வாயில் போட்டேன். உச்சி மண்டைவரை எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. லயமே சிரித்தது. சிரித்துக்கொண்டே பிள்ளைகள் கை நீட்டின, பிறகு பெரியவர்கள். பானை காலி.

நிஜமாகவே ருசிதான். பசியினால்கூட இருக்கலாம்.

ஆகஸ்ட் 11

பாதை திறந்துவிட்டது. நாலு குடும்பங்கள் ஊருக்குப் போயின. நான் சொற்பொழிவு ஆற்றவில்லை. பாதை எங்கே இடிந்திருக்கிறது என்று மட்டும் விசாரித்துச் சொன்னேன். பெரியமுத்துவும் மூக்கம்மாளும் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 18

பாளையங்கோட்டையில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. "பார்ப்போம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி என்னைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 24

ராவுத்தரிடம் கப்பைக் கம்பு வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டேன். எல்லாம் தலைகீழ். மூக்கம்மாள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கி நேராக நட்டாள்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "கிழங்கு எப்போ இறங்கும்?"

"அடுத்த கோடை ஆகுமாம்."

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்கு மூங்கில் வெட்டப் போனார்.