இத்தாவில் இருந்தவள் பார்த்தது

லண்டன்
10.02.1985

அன்புத் தோழி றஷீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் விண்ணப்பமும் நீ கொடுத்துவிட்ட தொதல் இனிப்பும் ஒன்றாகவே வந்தன. ஆளைத் தேர்வு செய்பவளுக்குத் தொதல் அனுப்பினால் அதற்கு என்ன பெயரடி? ஆனாலும் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

குவாத்தமாலாவின் மலைத்தோட்டங்களில், இராணுவத்திடம் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்களோடு தங்கியிருக்க எங்கள் மனித உரிமை அமைப்பிலிருந்து ஆறு பேரை அனுப்புகிறோம். கண்டதைக் கண்டபடி, யார் முன்னாலும் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. உன் இங்கிலீஷ் போதும். பிடிவாதம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆனால் ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. ‘நேரில் கண்ட கொடுமைக்குச் சாட்சி சொன்னதுண்டா?’ ஏன் வெறுமையாக விட்டாய்?

உன்
மர்லியா

பதுளை
02.03.1985

அன்புள்ள மர்லியா,

வஅலைக்கும் ஸலாம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது நான் இத்தாவில் இருந்தேன். என் கணவர் ஜௌபர் மௌத்தாகி, நான் விதவையாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாலு மாதம் பத்து நாள் முடியட்டும் என்று, அந்நிய ஆண் முகம் பாராமல் என் கூடப்பிறந்த ஹாஷிம் நானாவின் கடைக்குப் பின்னறையில் இருந்தேன். பிள்ளைக்குச் சட்டைத்துணி எடுக்க நமுனுகுல தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இராசையாவை, தமிழன் என்று கடை வாசலிலேயே அடித்துக் கொன்றார்கள். அவன் மனைவி வேலாயி என் அறைக்குள் ஓடி வந்தாள். இரத்தம் படிந்த தடிகளோடு அவளைத் தேடி மூன்று பேர் நடைக்கு வந்தார்கள். நான் வெளியே போய் அறைவாசலில் நின்றேன். “உள்ளுக்கு இத்தாவில பொம்புள இருக்கு. ஆம்புள வரப்படாது” என்றேன். அக்கம்பக்கத்து ஆட்கள்தானே, நம் வழக்கம் தெரியும். திரும்பிப் போய்விட்டார்கள்.

பிறகு பொலிஸ் விசாரிக்க வந்தது. “நான் இத்தாவில் இருந்தேன், எந்த ஆணின் முகத்தையும் பார்க்கவில்லை” என்றேன். வேறு என்ன சொல்வது? மூவரும் நம் தெரு. நானாவுக்குக் கடை இருக்கிறது. தோட்டத்து வேலாயிக்கு அவர்கள் யாரென்று தெரியாது. சாட்சி இல்லாமல் வழக்கு அப்படியே கிடக்கிறது.

ஒரு உயிரைக் காப்பாற்றினேனே, அது போதாதா? எப்படியும் நான் போகத்தான் போகிறேன். பெயரைச் சேர்.

றஷீனா

லண்டன்
21.03.1985

அன்புள்ள றஷீனா,

உன் கடிதத்தை வாசித்து அழுதேன். நீ அந்த வாசலில் நின்றதைப் போல என்னால் நின்றிருக்க முடியாது. அது உண்மை.

ஆனாலும் உன் பெயரைச் சேர்க்க மாட்டேன். குவாத்தமாலாவில் கண்டதைச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடலாம், றஷீனா. உன் தெருவில் கண்டதைச் சொன்னால் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதைச் செய்யாதவளை, இன்னொரு ஊர் வேலாயியிடம் என்ன முகத்தோடு நான் அனுப்புவது?

கோபித்துக்கொள். கடிதம் மட்டும் போடாமல் இருந்துவிடாதே.

உன்
மர்லியா

பதுளை
05.05.1985

மர்லியா,

கோபித்துக்கொண்டேன். ஒரு கிழமை முழுக்க உன்னைத் திட்டினேன். பிறகு நமுனுகுலவுக்கு பஸ் ஏறினேன்.

வேலாயி தன் லயத்து வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் “வாங்கம்மா, உயிர் குடுத்த மகராசி” என்று கையைப் பிடித்தாள். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு, “அந்த மூணு பேரையும் எனக்குத் தெரியும், வேலாயி” என்றேன். அவள் அழவில்லை. “இம்புட்டு நாளா எம்புருசன் தானா விழுந்து செத்த மாதிரியில்ல ஆகிப்போச்சு. எங்க சொல்லணுமோ அங்க வந்து சொல்லுங்க. நானும் கூட வாறேன்” என்றாள்.

இருவருமாகப் பொலிசுக்குப் போனோம். மூன்று பெயரையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். “அப்ப பாக்கல்லன்னு சொன்னீங்களே?” என்று கேட்டார்கள். “பொய் சொன்னேன்” என்றேன்.

இத்தாவில் ஆண்கள் முன்னால் போய் நின்றவள் என்று இப்போது ஊர் பேசுகிறது. பேசட்டும். கடைக்கண்ணாடி இரண்டு உடைந்தது. ஹாஷிம் நானா என்னோடு பேசுவதில்லை, ஆனால் நான் வைக்கும் சோறு வேண்டாம் என்று எழும்பிப் போவதுமில்லை. பயமாக இருக்கிறது, மர்லியா. ஆனாலும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

ஆவணியில் நீதவான் முன்னால் வழக்கு. அது முடியும்வரை நான் எங்கும் வர முடியாது. நான் கேட்ட இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. கிழித்துப் போடாமல் என் விண்ணப்பத்தை இன்னும் வைத்திருக்கிறாய் என்றால், வெறுமையாக விட்ட அந்த இடத்தில் உன் கையாலேயே ‘ஆம்’ என்று எழுதிவிடு.

உன்
றஷீனா