எண் தைக்கும் அம்மாள் வாசித்தது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை ஒரே வரியில் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக இந்த முறை மனசு வரவில்லை, அதனால்தான் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அப்புறம் "நல்லா இருக்கேன்பா, வேலை" என்று எழுதி அனுப்பிவிடுகிறாய். கடிதத்துக்கு அப்படிப் பதில் போட்டுத் தப்ப முடியாது பார்.

அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியை நான்தான் கட்டினேன் என்பதுபோல. என் மைக் செட் கடையை மூடிய பிறகும் நான் விடாமல் செய்கிற ஒரே வேலை ஞாயிறு சாயங்காலம் சலவைக்கடை மாடியில் நடக்கிற ஓபன் மைக்தான். பெயர் கொடுத்தால் யாரும் ஐந்து நிமிடம் கவிதை வாசிக்கலாம். பல் டாக்டர் இன்னும் காதல் கவிதைதான் வாசிக்கிறார், எல்லாவற்றிலும் காதலி எப்படியோ வாயைத் திறந்துவிடுகிறாள். கீழே இஸ்திரி போடுகிற ஆவி பலகை இடுக்கு வழியாக ஏறுவதால், உட்கார்ந்திருப்பவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஐந்து வாரத்துக்கு முன் அந்தக் கடையிலேயே துணி மாறாமலிருக்கச் சட்டைக் காலரில் எண் தைக்கிற அம்மாள் பெயர் கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசாதவர். முந்தானையில் குத்தின ஊசியைக்கூட எடுக்காமல் மேலே வந்து, பில் காகிதத்தின் பின்பக்கத்தைப் பார்த்து வாசித்தார். நாலாவது மாடியில் ஓர் அறை, பக்கத்து வீட்டுத் துணி துவைக்கிற மிஷின் ஓடினால் சுவர் நடுங்குகிறது, கோப்பையில் இரண்டு டூத் பிரஷ் இருக்கிறது, ஒன்றுதான் தினமும் ஈரமாகிறது. நன்றாக இருக்கிறதே என்று நானும் கை தட்டினேன்.

அடுத்த வாரம் வாசித்ததை அவர் குரலிலேயே எழுதுகிறேன். "கண்ணாடி முன்னாடி நின்னு நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மான்னு சொல்லிப் பாக்குறா. காதுத்தொப்பி போட்ட அப்பாவுக்கு அது கேக்கல." என் கை அப்படியே நின்றுவிட்டது. நாலு வயதில் என் ஹெட்போனுக்கு நீ வைத்த பெயர் அது, நம் மூன்று பேரைத் தவிர அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. அவர் வாசித்ததை மைக்கிலிருந்து பதிவு செய்திருந்தேன், வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து, "புள்ள எப்ப கூப்பிட்டா? எங்கிட்ட குடுக்கவே இல்லையே" என்றாள். எனக்கு அந்த அம்மாள் குரல்தான் கேட்டது, அவளுக்கு உன் குரல். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அப்படித்தான். அம்மா பிறகு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளே கடைக்குப் போய் அந்த அம்மாளைக் கேட்டேன். என்னைவிட அவர்தான் பயந்திருந்தார். எழுதுகிற பழக்கமே இல்லையாம், வாசித்துவிட்டால் போய்விடும் என்றுதான் மேடை ஏறினாராம். "நூல் கோக்குறப்ப காதுல விழுதுங்க. யாருன்னு தெரியல, பாவமா இருக்கு" என்றார். அன்று மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். "நான் அங்க இல்ல மாமா. மூணு மாசமாச்சு. அவ சொல்லலையா?" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கமாட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் நீ சாப்பிடாததையும் வேலைக்குப் போகாததையும் அந்த அம்மாள் வாசித்தார், நான் மைக் செட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்ன அப்பா நான்.

போன ஞாயிறு அவர் காகிதமே கொண்டுவரவில்லை. மைக் முன்னால் நின்று, "யாரோ தூங்குறாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம். சத்தம் போடாதீங்க" என்றார். முப்பது பேரும் இருமாமல் உட்கார்ந்திருந்தார்கள், பல் டாக்டர்கூட. நான் ஹெட்போனில் ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். அந்த அம்மாள் வாயை மூடி நின்றுகொண்டிருக்கிறார், எனக்கு மூச்சு கேட்கிறது, சளி பிடித்தால் உன் மூக்கில் லேசாக விசில் வருமே, அந்த மூச்சு. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியாமல் ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். நூற்றுப் பதினொன்றில் நின்றது. அவர் என்னைப் பார்த்து, "முழிச்சுட்டாங்க" என்றார்.

வியாழக்கிழமை கிளம்புகிறோம், பெட்டியை அம்மா கட்டிவிட்டாள். இந்தக் கடிதம் எங்களுக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். வீட்டைப் பெருக்கி வைக்காதே, முகத்தைச் சரிசெய்துகொண்டு நிற்காதே, என்ன சொல்வது என்று யோசிக்காதே. தட்டினால் திற, அது போதும். இந்த ஞாயிறு மைக்கைப் பல் டாக்டர் பார்த்துக்கொள்கிறார். நீ மனசு நிறைந்து நீண்ட காலம் வாழவேண்டும் அம்மா.

முழு ஆசியுடன்,
உன் அப்பா

பின்குறிப்பு: ஆசியில் பாதி அம்மாவுடையது. உன் நாலாவது மாடிக்கு லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள், இல்லாவிட்டாலும் ஏறிவிடுவாளாம்.