மாடியறைப் புத்தகங்கள்

ஜூன் 3, செவ்வாய்

தோல் பதனிடும் தொழில் பற்றிய புத்தகம் கடைசியில் கைக்கு வந்துவிட்டது. இரண்டு தொகுதி, ஒவ்வொன்றும் செங்கல் கனம். கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் பழைய புத்தகக்காரரிடம் போய், தோளில் சுமந்து வந்தேன்.

“பதனிட நம்மகிட்ட மாடும் இல்ல, ஆடும் இல்ல. எதுக்குங்க இது?” என்றாள் மனைவி.

மணி வார்ப்பவர், உப்பளக்காரர், சோப்புக் காய்ச்சுபவர், சூளைக்காரர் என்று எல்லாரும் புத்தகமாக மாடியறையில் அலமாரி அலமாரியாக இருக்கிறார்கள். அந்தக் கருவிப் படங்களைப் பார்த்தால் எனக்குப் பொழுது போவதே தெரியாது. இந்தத் தோல் பதனிடுபவருக்கும் ஓர் இடம் ஒதுக்கினேன்.

கீழே போய் அண்ணனைப் பார்த்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. இப்போது கொஞ்ச நாளாக ஒரே ஓர் எழுத்து மட்டும் வருகிறது. “மே… மே…”

“மேஜையக் கேக்கறார் போல, தம்பி” என்று அண்ணி மேஜையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூன் 9, திங்கள்

மாடியறைக் கதவு தரையில் உரசுகிறது. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும்.

ஜூன் 14, சனி

கூடத்துத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாலையில் அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டினேன். போர்வைமேல் வெள்ளைத் தூள். தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தூள். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவன், என் தலையை அவர் தலைக்குப் பக்கத்தில் வைத்து, அவர் பார்க்கும் இடத்தைப் பார்த்தேன்.

விரிசல். சுவரிலிருந்து விளக்குக் கொக்கி வரை. நடுவில் உத்திரம் வயிறு தள்ளியது போல் கீழே வளைந்திருக்கிறது. அதற்கு நேர் மேலே என் அலமாரிகள்.

“மேலயா, அண்ணா?”

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மேஜை இல்லை. மேல. மனுஷன் இத்தனை நாளா படுத்த படுக்கையா இதையே பாத்துக்கிட்டு, கத்தவும் முடியாம… கடவுளே, நான் அதுக்கு மேல இன்னும் ரெண்டு புத்தகத்தைக் கொண்டுபோய் வெச்சிருக்கேன்.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். உடனே வந்தார். உத்திரத்தின் முனையில் உளியை வைத்து அழுத்தினார். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது.

“கரையான் தின்னு தீத்திருக்கு சார். மேல என்ன வெச்சிருக்கீங்க?”

“புத்தகம்.”

“புத்தகம்தானா?” என்று சிரித்தபடி மாடிப்படி ஏறினார். வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. இறங்கி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. “ஆளை இப்பவே வெளிய எடுங்க.”

கட்டில் அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்தியது, கதவு வழியே வராது. அண்ணனைப் பெட்ஷீட்டோடு தூக்கினோம். மேஸ்திரியும் நானும் தலைப்பக்கம், அண்ணியும் என் மனைவியும் கால்பக்கம். தூக்கும்போது மேலே ஏதோ முனகியது. கூடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

முட்டுக் கொடுக்க மரம் நாளை மாலைதான் கிடைக்குமாம். அதுவரை யாரும் மாடி ஏறக்கூடாது. எல்லாரும் கூடத்தில்தான் படுக்கை.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஏறினேன். ஏன் ஏறினேன்? கொஞ்சம் கனத்தைக் குறைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உப்பளப் புத்தகம் கதவோரத்தில்தான் இருந்தது, கையை நீட்டினால் எட்டும் என்று தோன்றியது.

ஒரு கால் உள்ளே வைத்தேன். தரை இருமியது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பின்னால் மனைவி. கத்தவில்லை. “நீங்க உள்ள போனா நானும் வருவேன்” என்று மட்டும் சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டாள்.

காலை எடுத்தேன்.

பிற்பகல், மரவண்டி வருவதற்குள், விழுந்துவிட்டது. முதலில் கல் உருள்வது போல் ஒரு சத்தம். பிறகு வீடே குலுங்கியது. அண்ணி அண்ணன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கூடம் முழுக்கப் புழுதி. எல்லாரும் இருக்கிறோமா என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தேன்.

கட்டில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கிறது. தலையணை இருந்த இடத்தில் உத்திரம். மணி வார்ப்புப் புத்தகம் நடுப்பக்கம் விரிந்து அதன்மேல் கிடந்தது. நான் எடுக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

கடைக்குப் போகவில்லை. அண்ணி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். அதைக் குடிக்கத்தான் முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கிழியாமல் தப்பியவற்றை நேற்று நூலகத்துக்காரர்கள் வேனில் ஏற்றிப் போனார்கள். தரைத்தளத்தில்தான் வைப்பார்களா என்று இரண்டு தடவை கேட்டேன்.

இன்று அண்ணனுக்குச் சவரம் செய்ய முடிதிருத்துபவர் வந்தார். அண்ணனின் புதுக் கட்டில் கூடத்து ஜன்னலோரம் இருக்கிறது. தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு தாடையைச் சுகமாகக் காட்டினார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து முடிதிருத்துபவர் கத்தியை நிறுத்தினார். “என்ன சார், வந்ததுலேர்ந்து அண்ணாந்தே பாக்கறீங்க? பல்லி இருக்கா?”

“இல்ல” என்றேன்.

முகமெல்லாம் நுரையோடு அண்ணன் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கி, பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கட்டிலைத் தட்டினார்.