தாயில்பட்டிப் பாதாம்

விருதுநகர்
20.1.2025

அன்புள்ள தங்கம்,

நான் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்துல நிக்கிறது பாதாம் மரம்தான? அப்போ எங்கம்மா ஏன் பாதாமைக் கடையில எண்ணி எண்ணி வாங்குதாக?" வகுப்பே சிரித்தது. நியாயமான கேள்விதான். உன் கடிதத்தோடு வந்த பெட்டி அட்டையைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வந்தாள்.

முதலில் என் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்கார அண்ணன் காலமானபின், பட்டாசு ஆலையில் உன் சொந்த யோசனையில் நீ செய்யும் முதல் பூச்சட்டிப் புஸ்வாணம் இது. 'பாதாம் பூ' என்ற பெயரும் அழகு. பெட்டியின் பின்பக்கத்துக்குப் பாதாம் பூவைப் பற்றி நாலு வரி கேட்டிருக்கிறாய். எழுதத்தான் உட்கார்ந்தேன். முன்பக்கத்துப் படம் எழுதவிடவில்லை.

அது உன் ஆலை வாசலில் நிற்கும் மரம்தானே? அகலமான சிவந்த இலைகள், குடைமேல் குடை வைத்த மாதிரிக் கிளைகள். அதன் அடியில் கடைப் பாதாம் பருப்பைக் குவித்து ஒட்டியிருக்கிறார்கள். தங்கம், அந்தப் பருப்பு அந்த மரத்துடையது இல்லை.

கடைப் பாதாம் ரோஜாக் குடும்பம். பீச் பழ மரத்துக்கு உடன்பிறப்பு. ஈரானும் அதைச் சுற்றிய மலைகளும் அதற்குப் பிறந்த ஊர். வியாபாரிகளோடு மத்தியதரைக் கடலோரம் போய், ஸ்பெயின்காரர்களோடு கலிபோர்னியா வரை போனது. நம் நாட்டில் காஷ்மீர், இமாசலம் மாதிரி ஒழுங்காகக் குளிர்காலம் வரும் இடங்களில்தான் நன்றாகக் காய்க்கும். நம் ஊரில் நட்டால், தூக்கம் போதாத பிள்ளை மாதிரிச் சிணுங்கிக்கொண்டே நிற்கும்.

உன் வாசலில் நிற்பது நாட்டு வாதுமை. மருத மரத்துக்கும் கடுக்காய் மரத்துக்கும் பங்காளி. பருப்பின் ருசி கொஞ்சம் ஒத்துப்போனதால் பாதாம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ராஜபாளையத்தில் இன்னொரு தங்கத்தாய் இருந்தால் அவள் உன் தங்கையாகிவிடுவாளா?

இன்னொன்றும் உண்டு. கடைப் பாதாம் மரம், இலை வருமுன்னே மொட்டைக் கிளையில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். நாட்டு வாதுமையின் பூவுக்கு இதழே கிடையாது. பூத்தது யாருக்கும் தெரியாது. உன்னிடம் வரும் வடக்கத்தி வியாபாரிகள் நிஜப் பாதாம் பூவைப் பார்த்திருப்பார்கள். அட்டை அச்சாகவில்லையென்றால் படத்தை மாற்றிவிடு.

என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. இவர் சாத்தூர் சேவு கேட்டு உனக்குத் தூது விடச் சொன்னார்.

பிரியமுள்ள
பாண்டிலட்சுமி


தாயில்பட்டி
27.1.2025

அன்புள்ள லட்சுமி,
(அன்பு இந்த வாரம் கொஞ்சம் குறைவு.)

நாலு வரி கேட்டேன். நாலு பக்கம் எழுதி என் சோலியை முடித்துவிட்டாய். அட்டை அச்சாகி, கட்டுக் கட்டாக ஆபீசில் அடுக்கியாகிவிட்டது. ஆலைக்குள் செல்போன் கூடாது என்பதால்தானே நாம் கடிதம் எழுதிக்கொள்கிறோம்? உன் கடிதத்தை மத்தியானச் சோற்றோடு படித்தேன். சோறு இறங்கவில்லை.

உனக்கென்ன, பென்ஷன் வாங்குகிறாய். இங்கே என் கொழுந்தன் பாண்டிமுருகன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மதினிக்கு எதுக்கு இந்தப் பாடு, கம்பெனிய நான் பாத்துக்கிடுதேன்" என்கிறான். மாசிக் கடைசியில் வடக்கிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். என் பூச்சட்டிக்கு ஆர்டர் விழுந்தால் கம்பெனி என்னிடம் இருக்கும், விழாவிட்டால் சாவியை அவன் கையில் கொடுத்துவிடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். எந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ!

உன் கடிதத்தைப் படித்ததும் போர்மேன் செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டு, "யப்பா, வாசல்ல நிக்கிறது என்ன மரம்?" என்று கேட்டேன். "பாதாம் மரம்மா. ஏன், யாரும் வெட்டச் சொல்லுதாகளா?" என்றான். கூட்டிப் பெருக்குகிற சுப்புத்தாயிடம் கேட்டேன். "பாதாம் மரந்தான். என் இடுப்பை ஒடிக்கிற மரம்" என்றாள். ஊரே சொல்கிறது. நீ ஒருத்திதான் இல்லை என்கிறாய். உன் புத்தகத்துப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண?

மரத்தை விடு. பூவைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதித் தா. முடியாதென்றால் நானே எழுதிக்கொள்கிறேன். உனக்கும் எனக்கும் இத்தோடு சரி.

தங்கத்தாய்


விருதுநகர்
2.2.2025

அன்புள்ள தங்கம்,

நீ எழுதிய கடைசி வரியை இவரிடம் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால், "ஒரு நாளாவது வாத்தியார் வேலை பாக்காம இருக்க மாட்டியா நீ?" என்றிருப்பார்.

ஊர் வைத்த பெயரை நான் தப்பென்று சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஆறடி உயரம் வளர்ந்த ஒருவரை இன்னும் 'குட்டி' என்றுதான் கூப்பிடுகிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார். பெயர் கூப்பிடுகிறவர்களுடையது. ஆனால், குட்டி என்று கூப்பிடுகிறோமே என்பதற்காக அவருக்குக் கைக்குழந்தைச் சட்டை எடுத்துக் கொடுக்க முடியுமா? இந்த மரத்தின் படத்துக்குப் பின்னால் காஷ்மீர்ப் பூவை எழுதுவதும் அப்படித்தான். பார்க்கிற வியாபாரி சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பைப் பாண்டிமுருகன் பக்கத்தில் நின்று கேட்கக் கூடாது என்பதுதான் என் கவலை. அதனால் நீ கேட்ட நாலு வரியை எழுத மாட்டேன்.

வாசல் மரத்தைப் பற்றிக் கேட்டால் எழுதுவேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்:

'நம் ஊர் மரங்கள் பெரும்பாலும் மஞ்சளாகிச் சருகு உதிர்க்கும். இந்த மரம் சிவந்துவிட்டு உதிர்க்கும். முதலில் ஓர் இலை, பிறகு ஒரு கொத்து, பிறகு கிளை முழுவதும். பூவே இல்லாமல் பூத்த மாதிரி நிற்கும்.'

பயன்படாவிட்டால் கிழித்துப் போடு. சோற்று நேரத்தில் மட்டும் படிக்காதே.

என்றும் உன்
லட்சுமி


தாயில்பட்டி
19.2.2025

அன்புள்ள லட்சுமி,

உன் கடிதத்தைப் பிரிக்காமலே மேஜையில் போட்டு வைத்திருந்தேன். ரோஷம். கடைசியில் மனசு கேட்காமல் வாசல் மரத்தடியில் நின்றுகொண்டு பிரித்தேன். உன் நாலு வரியைப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதன் நிழலில்தான் எங்கள் வண்டி நிற்கிறது. நான் இதை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். காற்றே இல்லை. ஆனாலும் ஒரு சிவப்பு இலை கழன்று, அப்படியும் இப்படியுமாகச் சாய்ந்து, நிதானமாக இறங்கியது.

செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டேன்.

"படத்தை மாத்த முடியாதுப்பா. மருந்தை மாத்த முடியுமா?"

"என்னம்மா சொல்லுதீக?"

"எனக்குப் பூ வேண்டாம். இந்த இலை வேணும்."

"இலைன்னா பச்சைல்ல வேணும்? பச்சையா எரியுற பேரியம் மருந்துக்குத்தான் தடை போட்டுட்டாகளே, பச்சைக்கு நான் எங்கன போவேன்?"

"மேல பாரு. எங்கன இருக்கு பச்சை?"

பார்த்தான். "அட, ஆமா. சிவப்புன்னா அம்புட்டு கஷ்டமில்லம்மா" என்று சிரித்தான்.

விளக்குமாற்றோடு நின்ற சுப்புத்தாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "இந்தச் சருகை அள்ளி அள்ளியே என் இடுப்பு போச்சு. இதைப் பெட்டியில போட்டு வேற விக்கணுமாக்கும்!"

முதல் சோதனையில் சிவப்பு உச்சிக்குப் போய் அங்கேயே அணைந்துவிட்டது. "இது இலை இல்லம்மா, மிளகா வத்தல்" என்றான் செந்தூர்பாண்டி. அடுத்ததும் சரியில்லை. விடாமல் மாற்றி மாற்றிப் பார்த்தான். இப்போது வெள்ளிப் பொறி எழும்புகிறது, உச்சியில் சிவக்கிறது, சிவந்தது அவசரப்படாமல் கீழே இறங்குகிறது. நான் கை தட்டிவிட்டேன்.

அட்டையையும் காப்பாற்றிவிட்டேன். சிவகாசி அச்சகத்தில் பழைய அச்சின்மேலேயே தங்க நிறத்தில் ஒரு பட்டை ஓட்டித் தந்தார்கள். 'பூ' மறைந்து 'இலை' ஆனது. பருப்புக் குவியலின்மேல் வட்டமாக நம் கம்பெனிப் பெயர். பின்பக்கம் காலியாக விட்டிருந்த இடத்தில் உன் நாலு வரி. கேட்காமல் எடுத்துக்கொண்டேன். 'பாதாம்' மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் கை வைக்க விடமாட்டேன்.

பாண்டிமுருகன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தீபாவளிக்கு ஊர் உலகத்துல பூ கேப்பாக, மத்தாப்புக் கேப்பாக. சருகை யாரு மதினி கேப்பா?" என்றான். லட்சுமி, அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் கொஞ்சம் பயம்தான். அடுத்த மாதம் எட்டாம் தேதி வருகிறார்கள். அன்றைக்கு எனக்காக ஒரு விளக்குப் போடு.

உன்
தங்கம்


விருதுநகர்
9.3.2025

தங்கம்,

நேற்று பராசக்தி மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாயிற்று. உன்னிடமிருந்து தகவல் வரும்வரை எனக்கு எதிலும் மனசு ஓடாது. இவர் காலையிலிருந்து, "சருகு வித்துச்சா, விக்கலையா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

லட்சுமி


தாயில்பட்டி
10.3.2025

லட்சுமி!

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

டில்லி, மும்பை, ஒடிசா என்று பலரும் வந்திருந்தார்கள். பொழுது சாயும்வரை காப்பி கொடுத்து உட்கார வைத்திருந்து, ஆலைக்கு வெளியே பொட்டலில் பற்ற வைத்தோம். வெள்ளி எழும்பிச் சிவந்து இறங்கியது. யாரும் ஆர்டர் எழுதப் பேனாவை எடுக்கவில்லை. பாண்டிமுருகன் ஓரமாகக் கைகட்டி நின்றான். நான் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது மும்பைக்காரர் பெட்டியைக் கையில் எடுத்தார். படத்தில் விரலை வைத்து இந்தியில் ஏதோ சொன்னார். நம் செந்தூர்பாண்டிக்கு வியாபார இந்தி தெரியும். "அம்மா, இவுக சந்துல இந்த மரந்தான் நிக்குதாம். சின்னப்பிள்ளையில காயைக் கல்லால உடைச்சுத் தின்னாராம்" என்றான். சொல்லி முடிக்கவில்லை, ஒடிசாக்காரர் தன் பள்ளிக்கூடத்து மரத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். டில்லிக்காரர் மாமா வீட்டு மரத்துக்குப் போய்விட்டார். அங்கெல்லாமும் இதைப் பாதாம் என்றுதான் சொல்கிறார்களாம், கேட்டுக்கொள்! காயை உடைத்ததில் நசுங்கிய கட்டைவிரலை ஒருவர் எடுத்துக் காட்டினார். இன்னொன்று பற்ற வைக்கச் சொன்னார்கள். அப்புறம் இன்னொன்று. அதன் பிறகுதான் ஆர்டர் எழுத உட்கார்ந்தார்கள். எழுதாமல் போனவர் யாருமில்லை.

எல்லாரும் கிளம்பிய பிறகு பாண்டிமுருகன் வந்தான். "பிள்ளைகளுக்கு ரெண்டு பெட்டி எடுத்து வைங்க மதினி. காசு கேக்காதீக" என்றான். அவன் வாயிலிருந்து இவ்வளவு வருவதே பெரிசு.

இத்தோடு சரி என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடு. உன்னை விட்டால் என்னிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது ஒரு கேள்வி. மும்பை எங்கே இருக்கிறது, ஒடிசா எங்கே இருக்கிறது, தாயில்பட்டி எங்கே இருக்கிறது? இத்தனை ஊருக்கும் இந்த மரத்தை யார் கொண்டுபோனது? அடுத்த முறை அவர்கள் கேட்டால் நான் சொல்ல வேண்டும். நாலு பக்கம் எழுது, படிக்கிறேன். உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குச் சேவோடு வருகிறேன் என்று அவரிடம் சொல்.

உன்
தங்கம்


விருதுநகர்
15.3.2025

அன்புள்ள தங்கம்,

அடித்துவிட்டேன். சிவப்பு மையால், அடிக்கோல் வைத்து.

உன் கேள்விக்குப் பாதிப் பதில் சுலபம். நிழலுக்காக மனிதர்கள் பள்ளிக்கூடத்திலும் ரயிலடியிலும் நட்டார்கள். வௌவால்கள் பழத்தைக் கவ்விக்கொண்டு போய், சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையை வேறு தெருவில் போட்டன. ஆனால், இந்த மரம் இந்தியக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கடலோரம் கடலோரமாக நிற்கிறது. அதன் தாவரவியல் பெயரில் பாதி மலாய்க்காரர்களிடமிருந்து வந்தது. மனிதன் குடியேறாத தீவிலும் முளைக்கக் கூடியது. கடைப் பாதாமை ஊர் ஊராக மனிதன் சுமந்தான். இதற்கு எல்லா இடத்துக்கும் ஆள் தேவைப்படவில்லை.

எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. நான் எழுதினால் அது என் பதிலாக இருக்கும். வியாபாரிகளிடம் நீ சொல்வது உன் பதிலாக இருக்கட்டும்.

நாளைக் காலையில் சுப்புத்தாய் கூட்டுவதற்கு முன்னால் வாசலுக்குப் போ. காய்ந்து கிடக்கும் காய் ஒன்றைப் பொறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு, முழுகுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்.

பிரியமுள்ள
லட்சுமி