பின்சீட் இல்லாத கார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் இடது முழங்கால் பாதி நலம், கார் முழு நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும், ஆனால் தெரிந்துகொள்ள வழியில்லை, நீ என் போனை எடுத்து இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. மாப்பிள்ளை எடுத்து, அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள் அத்தை என்கிறார். மூன்று வாரமாகவா ஒருத்தி குளிப்பாள். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வராது, குரல் கீழே இறங்கிவிடுகிறது, அவரை இனிமேல் அந்த வேலைக்கு அனுப்பாதே. அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனை வெட்டிவிடலாம், ஆனால் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்த பிறகு உறையைப் பிரிக்காமல் மேஜைமேல் வைக்க உன்னால் ஆகாது. பரீட்சை முடிவு வந்த உறையை வாசலில் நின்றே பல்லால் கிழித்தவள் நீ.

நீ தேடும் வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் மிச்சத்தை நிதானமாகப் படி. காரை விற்கவில்லை. விற்கப்போவதும் இல்லை, நீ தலைகீழாக நின்றாலும் இல்லை. வீட்டை ஒழித்துப் பூட்டிவிட்டு அங்கே வந்து நிரந்தரமாக இருக்கப்போவதும் இல்லை. இதில் ஒரு தப்பு என்னுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன். குட்டி பிறந்து நான் இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டுக் கிளம்பும்போது, அடுத்த வருடம் நான் வேலைக்குத் திரும்பிவிடுவேன், நீ வந்து எங்களோடேயே இருந்துவிடு என்று நீ சொன்னாய். நான் பார்க்கலாம் என்றேன். என் வாயில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பெயர், நான் ஓட்டிய பள்ளிக்கூட வேனில் வந்த பிள்ளைகளின் அப்பாக்களுக்கெல்லாம் அது தெரியும், என் மகளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு எனக்காக ஓர் அறைக்கு நீலச் சாயம் அடித்து, உயரம் எட்டாது என்று அலமாரித் தட்டைக்கூடக் கீழே இறக்கி வைத்திருக்கிறாய். அந்தப் படத்தை மாப்பிள்ளை அனுப்பியபோதுதான் நான் செய்தது எனக்குப் புரிந்தது. முகத்துக்கு நேராக முடியாது என்று கிளம்பிய அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். காருக்கு மன்னிப்பு இல்லை.

யாரோ அம்மாவை ஏமாற்றிப் பழைய தகரத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உன் மாமாவிடம் சொன்னாயாம். என் தம்பியிடம் சொன்னால் என் காதுக்கு வராதா. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவளை ஒரு பல் டாக்டர் ஏமாற்றிவிடுவாரா. அந்த மனிதர் ஐம்பது வயதானதும் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார், பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து அவர் முதுகு போய்விட்டது, இந்தக் காரோ தரையோடு தரையாக இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறது அவருக்கு. விற்கும் காரணம் இதுதான். நான் காலையில் வருகிறேன், அதுவரை எஞ்சினைத் தொடாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லி வைத்தேன். போனதும் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, அப்போதே அவர்மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சூடாக்கி வைத்த எஞ்சின் எந்த நோயையும் மறைத்துவிடும். அப்புறம் நம் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே வாத்து பொம்மைக் காந்தம், அதைக் கையோடு கொண்டுபோய் உடம்பு முழுக்க ஒட்டி ஒட்டிப் பார்த்தேன். வலது பக்கப் பின் மட்கார்டில் வாத்து நிற்காமல் வழுக்கி விழுந்தது. நசுங்கலைப் பட்டி வைத்து மூடிப் பூசியிருக்கிறது, எங்கே இடித்தீர்கள் என்றேன். அவரிடம் வருகிற நோயாளி மாதிரி வாயைத் திறந்து, வீட்டு கேட் தூணில் என்று உண்மையைச் சொன்னார். கடைசியாகக் கூரையை மூடச் சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன். குடிக்கவா என்றார். கார்மேல் ஊற்ற என்றேன்.

மடக்குகிற துணிக்கூரை உள்ள வண்டிக்கு உயிர்நிலை அந்தக் கூரை இல்லை, கூரையில் விழுந்த தண்ணீர் வெளியே போகிற ஓட்டை. சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் பருமனில் இருக்கிறது, அதில் இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள்ளே குளம் கட்டி அடித்தகரத்தைத் தின்றுவிடும். மூன்று வாளி ஊற்றினேன், இடது பக்கம் ஒழுகிப் போனது, வலது பக்கம் போகவில்லை. டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. கொடிகட்டும் கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குடைந்தேன், நாலைந்து இலையும் ஒரு சாக்லேட் காகிதமும் வந்தன, உடனே தண்ணீர் சளசளவென்று இறங்கியது. மிதியடியைத் தூக்கி அடியில் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. நான் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டார், ஒரு புதுச் சின்ன கார் வாங்குகிற விலையில் பாதிகூட இல்லை, எஞ்சினும் எல்லாக் கடையிலும் பாகம் கிடைக்கிற சாதாரண எஞ்சின்தான். வேன் விற்ற பணத்தில் வாங்கினேன், அந்த வேன் என் முதுகெலும்பு. இப்போது சொல், ஏமாந்தது யார்.

முதல் நாள் காலையில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பாய், சிரி. கூரையை மடக்கிவிட்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, எங்கே போகிறோம் என்ற யோசனையே இல்லாமல் எடுத்தேன். கை தானாகத் திருப்பியது, கால் தானாக மிதித்தது. இரண்டு முறை சின்னதாக ஹாரன் அடித்துவிட்டு, ஏன் இன்னும் யாரும் ஏறவில்லை என்று எரிச்சலோடு நிற்கிறேன், பார்த்தால் வேன் பாதையில் மூன்றாவது வீட்டு வாசல். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பது சும்மாவா. முதல் இரண்டு வாசலிலும் நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அந்த வீட்டு பேங்க்காரர் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார், என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நுரையைத் துப்பிவிட்டு, "அம்மா, எம் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடுச்சும்மா" என்றார். சமாளிக்க வேண்டாமா, தெரியும், நல்லா இருக்காளான்னு கேட்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் எத்தனை தலை என்று எண்ணப் பின்னால் திரும்பினேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் காரே முடிந்துவிடுகிறது. யார் யாரைக் கிள்ளுகிறார்கள், யார் வாந்தி எடுக்கப்போகிறார்கள், யார் வாட்டர் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிகிறார்கள் என்று கண்ணாடியிலேயே வாழ்ந்தவள் நான். அன்றைக்குத்தான் முன்னால் இருக்கிற சாலையைப் பார்த்தேன். நான்கு மணி நேரம் ஓட்டினேன், சாப்பிடக்கூட இறங்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இதை எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நீ தூது அனுப்பிய உன் மாமா மருந்துக்கடையை மத்தியானமே மூடிவிட்டு, இழவு வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்தான். அறுபது வயதுக்குமேல் இது தேவையா அக்கா, ஊர் சிரிக்கும் என்றான். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா, சிரிக்கட்டும், முதலில் நீ ஏறு, மிச்ச புத்திமதியைப் போகும்போது சொல் என்றேன். ஏறத் தெரியவில்லை அவனுக்கு, காலை முதலில் விட்டு நடுவில் மாட்டிக்கொண்டான். முதலில் உட்கார வேண்டும், அப்புறம் காலை இழுத்துக்கொள்ள வேண்டும், வயதானவர்களுக்கு அதுதான் வசதி. ஆற்றுப் பாலம் வரைக்கும் புத்திமதி வந்தது. பாலத்தில் காற்று அடித்ததும் நின்றுவிட்டது. திரும்பும்போது, அக்கா, தபால் நிலையம் வரைக்கும் நான் ஓட்டட்டுமா என்கிறான். உன்னிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டான், அக்கா பிடிவாதம் பிடிக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருப்பான். மேல்வீட்டில் குடியிருக்கும் தையல்காரி, இரண்டு சீட் வண்டியாச்சே, இன்னொன்று யாருக்கு என்று கண்ணை ஒரு மாதிரி சுருக்கிக்கொண்டு கேட்டாள். எனக்குப் பிடித்தவருக்கு என்றேன். நான்கு நாளாகத் தூக்கம் இல்லாமல் மாடியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

இப்போது நீ கடைசியாக என்னிடம் பேசியதற்கு வருகிறேன். "உன் பேத்திக்கு உட்கார இடம் இல்லாத காரை வாங்கி வச்சிருக்கியே, அதுலயே தெரிஞ்சு போச்சும்மா, நாங்க உனக்கு யாருன்னு." சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவள், என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று திட்டினேன். பதிலுக்கு என்னென்னவோ யோசித்து வைத்தேன். ஒரு வாரம் கழித்து, கூரைத் துணிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று உறைத்தது, நீ கேட்டது குட்டிக்காக இல்லை. வேனில் பதினான்கு சீட் இருந்தது. ஒன்றுகூட உன்னுடையது இல்லை. உன் அப்பா போனபோது உனக்கு ஆறு வயது, வேன் போகிற பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்க்க எனக்கு வக்கு இல்லை, உன் பள்ளிக்கூடம் எதிர்த்திசையில். நான் விடியும்போது கிளம்பிவிடுவேன், நீயாக எழுந்து, நீயாகக் குளித்து, தட்டில் மூடி வைத்ததைத் தின்றுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்து போவாய். மழையில் ஒருநாள் சந்தியில் சிக்னலுக்கு வேன் நின்றபோது நீ பையைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்கே கடந்து போனதை நான் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து உன்னைக் கூப்பிடவில்லை, பதினான்கு பிள்ளைகளுக்கு மணி அடித்துவிடும் என்று போய்விட்டேன். எனக்கு ஏன் இடம் இல்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது முப்பத்து மூன்று வயதில், மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு கேட்கிறாய்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வேன் ஓட்டியதற்கு நான் வருந்தவில்லை, ஓட்டாவிட்டால் நம் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது, அதே நிலைமை நாளைக்கு வந்தால் மறுபடியும் ஓட்டுவேன். ஆனால் உனக்குச் செய்யாததை உன் பிள்ளைக்குச் செய்தால் அதற்கு இது ஈடாகிவிடும் என்று நீ நினைத்தால், ஆகாது. குட்டி வேறு, நீ வேறு. அவளுக்கு அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், நல்ல காப்பகம் நீயே பார்த்து வைத்திருக்கிறாய், அவளை அதில் சேர்த்துவிடு. வருடத்துக்கு ஒரு மாதம் நான் வருவேன், விருந்தாளியாக வருவேன், காலையில் நீ காபி போட்டுக் கொடுக்க வேண்டும், அந்த நீல அறையில் காலை நீட்டிப் படுப்பேன். அடுத்தவர் பிள்ளைகளை நேரத்துக்கு ஏற்றி இறக்கி என் ஆயுசில் பாதி போய்விட்டது, என் பேத்தியைக் கொஞ்சத்தான் வருவேன், மணி பார்த்து வளர்க்க வரமாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் இதுதான்.

காரில் குட்டிக்கு இடம் இல்லை. மாப்பிள்ளைக்கும் இல்லை. உன் மாமாவுக்கு இனிமேல் தபால் நிலையம் வரைக்கும்தான். ஓட்டுபவளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் உட்காரலாம், அந்த ஒரு ஆளைப் பின்னால் தள்ளி வேறு யாரையும் ஏற்ற முடியாது, இடமே கிடையாது, இந்தக் காரை நான் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வாங்கும்போது எனக்குத் தெரியாது, இப்போது தெரிகிறது. லீவு போடு. குட்டியை அவள் அப்பாவிடம் நாலு நாள் விடு, ஒன்றும் ஆகிவிடாது. நீ மட்டும் வா.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், ஒருவர் சொல்லை ஒருவர் பொறுத்துக்கொண்டு, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். குட்டியின் உள்ளங்காலில் என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம் கொடு. மறக்காதே, உன் கார் டயரில் காற்று குறைவாகவே இருக்கும், நான் வந்திருந்தபோதே சொன்னேன். இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள். கூரையைத் திறந்தால் முடி சிக்காகிவிடும், அதனால் பின்னல் கட்டாயம், ஆனால் நீ பின்னிக்கொண்டு வராதே. நீ இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது உன் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ தினமும் கோணலாகப் பின்னிக்கொண்டு வருவதாகவும், அவர்தான் அதை அவிழ்த்துத் திருத்திப் பின்னிவிடுவதாகவும் சொன்னார். அதை நான் உன்னிடம் கேட்டதே இல்லை, கேட்க எனக்கு முகம் இல்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டே வந்து இறங்கு. நான் பின்னி முடித்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

இப்படிக்கு,
காரை விற்காத உன் அம்மா