புரட்டாசி சனிக்கிழமையில் கேட்ட மட்டன்

என் ரஹ்மத் அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எதற்கு எழுத வேண்டும்? சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்பது வருஷம் எதிரெதிர் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள் நாம். இப்போது உன் இடத்தில் வேறொரு பெண் தைக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டே பேசுகிறாள். நான் அவள் வகிட்டைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

எட்டு வயதுக் காய்ச்சலில் காது போனவள் நான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே உன்னிடம் சொன்னேன். நீ உதட்டை மட்டும் அசைத்தாய்: "இன்னா குழம்பு?" அன்றிலிருந்து நம் பேச்சு சத்தமில்லாமலே ஓடியது. அத்தனை மிஷின் இரைச்சலில் அங்கே எல்லாருமே செவிடுதான். எனக்கு மட்டும்தான் அது பழக்கம். சூப்பர்வைசர் தாமோதரன் சார், "இன்னா பேச்சு அங்க?" என்று அதட்டினால், "சத்தம் வந்துச்சா சார்?" என்று கேட்பாய். அவர் அடுத்த வரிசையை அதட்டப் போய்விடுவார்.

அவர் மீசை நினைவிருக்கிறதா? மேலுதட்டை முழுக்க மூடிய மீசை. எழுதிக் காட்டச் சொன்னால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். கத்துவார். கத்தினால் வாய் கோணும். கோணினால் எனக்கு இன்னும் புரியாது. ஆனால் 'செவிட்டு மூதேவி' என்று அவர் சொல்வதை மட்டும் எந்த மீசையாலும் மறைக்க முடியவில்லை. அதைப் படித்த நாட்களில் கழிப்பறையில் போய் அழுவேன். நீ கதவைத் தட்டமாட்டாய். தட்டி என்ன பயன்? கதவுக்கு அடியில் ஒரு கடலை மிட்டாயைத் தள்ளிவிடுவாய். கழிப்பறையில் யாராவது மிட்டாய் தின்பார்களா, அக்கா?

அந்தப் புரட்டாசி சனிக்கிழமை, நெற்றி நிறைய நாமத்தோடு வந்த தாமோதரன் சார் அவசரமாக ஏதோ சொல்லி என்னை விரட்டினார். உதட்டில் 'ப'வும் 'ம'வும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் கேட்டது பட்டன். நான் படித்தது மட்டன். நேராகக் கேன்டீனுக்குப் போய், "தாமோதரன் சார் மட்டன் கேக்கறாரு, சீக்கிரமா வேணுமாம்" என்றேன். என் குரல் எவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. அன்று அது கேட் வாட்ச்மேன் வரை போனதாம். கேன்டீன்காரர் நாலு துண்டைக் கிண்ணத்தில் போட்டு, மரியாதையாக மூடி, அவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஹாலே சிரித்தது. மத்தியானம் மானேஜர் கூப்பிட்டுவிட்டார். என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லித் தாமோதரன் சார் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீயாகவே என் பின்னால் வந்தாய். உள்ளே நடந்த பேச்சைப் பிறகு நீதான் வரிவரியாக எனக்குச் சொன்னாய்.

"நீ ஏம்மா வந்தே?" என்றார் மானேஜர்.

"அவ மேல தப்பு இல்ல சார். சார் மீசைலதான் தப்பு கீது. நீங்களே படிச்சுப் பாருங்க."

மானேஜருக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி. தாமோதரன் சாரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து, பட்டனோ மட்டனோ ஐந்து தடவை சொல்லச் சொன்னார். விரதம் இருக்கும் மனிதர், நாமத்தோடு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மட்டன் மட்டன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மானேஜர் நாலு தடவை தப்பாகச் சொன்னார். நான் மூன்று. "ஒங்கள வுட அவ தேவல சார்" என்றாயே, என்ன தைரியம் உனக்கு!

வேலை பிழைத்தது. எதையும் சீட்டில் எழுதித்தான் எனக்குத் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. பத்து நாள் எழுதிக் கை வலித்த பிறகு, தாமோதரன் சார் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். அதற்கு அடியில் இவ்வளவு சின்ன, சாதுவான வாய் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

நாற்பதாம் நாளுக்கு அனகாபுத்தூரில் உன் வீட்டுக்கு வந்தேன். பெண்கள் உன் பேச்சைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் உன் குரலைக் கேட்டதே இல்லை. உன் வீட்டுக்காரரிடம், "பாய், அக்கா குரல் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "லாரி ஹாரன் மாதிரிம்மா" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

போன மாதம் கம்பெனியில் தீ ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்து எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஒருவரும் இல்லை. டீ நேரம் போல என்று கேன்டீனுக்குப் போனேன், அங்கேயும் இல்லை. ஒரு வடையை எடுத்துக் கடித்தபடி வெளியே வந்தால், மொத்தக் கம்பெனியும் வெயிலில் வரிசையாக நின்று என்னைப் பார்க்கிறது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. நிஜ நெருப்பாக இருந்திருந்தால்? நீ இருந்திருந்தால் என் பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டாயா?

மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் வையுங்கள் என்று புது மானேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். "ஒருத்திக்காகவா?" என்று அதே தாளில் எழுதித் திருப்பினார். ஒருத்தி இல்லை, அக்கா. பாக்கிங்கில் காது கேளாத பெண்கள் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை மூன்று பேருமாக அவர் அறைக்குப் போகிறோம். எந்தத் தேதியில் விளக்கு எரியும் என்று அவர் சொல்லும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுசீலா
மேற்குத் தாம்பரம்