வெண்டைக்கு மருந்தடித்தவன் நான்தான்

என் பிரியமுள்ள அக்கா,

மாமா போய்ச் சேர்ந்தபின் என்னோடு வந்து தங்கி நீ உண்டாக்கிய கொல்லையில் இந்த வருஷமும் வெண்டை போட்டிருக்கிறேன். புழுவும் வந்துவிட்டது. காலையில் கொட்டாங்குச்சியோடு இறங்கி, உன்னைப் போலவே இலையைத் திருப்பித் திருப்பிப் பொறுக்குகிறேன். கை கூசுகிறது.

நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது பலர் படிக்க எழுதுகிறேன். உன் நான்கு கோழிகளைக் கொன்றது பக்கத்து வீட்டு அஞ்சலை இல்லை. நான்.

நீ கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்த அன்று உரக்கடை மருந்தை வாங்கி அடித்தேன். சொன்னால் திட்டுவாய் என்று மறைத்தேன். புட்டியில் ஒட்டியிருந்த சீட்டை இரண்டு முறை படித்தேன், அளவு சரிதான். ஒரு வாரம் காய் பறிக்கக் கூடாது என்றிருந்ததால் முன்னதாகவே காயையெல்லாம் பறித்து வைத்தேன். இவ்வளவு யோசித்தவன், நீ பொறுக்கும் புழு கோழிக்குப் போகும் என்பதை யோசிக்கவில்லை.

அதுவும் முழு உண்மை இல்லை, அக்கா. மறுநாள் காலை நீ புழு பொறுக்கியதைச் சன்னலில் நின்று பார்த்தேன்.

"தம்பி, இன்னாடா இது, புழுவெல்லாம் தூங்கிக்கினு கீது!" என்று சிரித்தாய்.

ரெண்டு புழு கோழியை என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் வாய் திறக்கவில்லை?

மதியத்துக்குள் கோழிகள் நான்கும் சாய்ந்துவிட்டன. "உன் கோழி என் கீரையக் கிளறுது, ஒருநாள் கொழம்பு வெச்சிடுவேன் பாரு" என்று அஞ்சலை முந்தின வாரம்தான் விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். நீ வேலியோரம் போய், "கொழம்பு வெக்கறேன்னவ வெசத்த வெச்சிட்டியேடி!" என்று கத்தினாய்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லக்கா" என்று அவள் அழுதாள்.

நான் உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். சாகும்வரை நீ அவளோடு பேசவில்லை.

நேற்று அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா சாவுக்கு நான் உங்க வூட்டு வாசப்படி ஏறல சார். ரோட்டுலயே நின்னுக்கினு அழுதுட்டு வந்துட்டேன். அத இன்னா பண்ணுவீங்க?"

நீ இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய், அக்கா?

அடுத்த மாதம் உன் தெவசம். வந்திருக்கும் உறவுக்காரர்கள் முன்னால் இதை என் வாயாலேயே சொல்வேன். அதற்கு முன் அஞ்சலை வீட்டுக்குப் போய் அழைப்பேன். வராவிட்டால் மறுவருஷமும் போவேன். நான் இருக்கும்வரை வருஷாவருஷம் போவேன்.

உன் கூடப்பிறந்த,
தம்பி